சசீந்திரனின் துடிப்பு

பணிமனை மேலாளரின் மேஜை முழுக்க நீண்டு கிடக்கிறது அந்தத் தாள். வயநாட்டு மலைப்பாதையில் பதினோரு மணி நேரம் பஸ் ஓட்டிய சசீந்திரனின் நெஞ்சில் ஒட்டியிருந்த கருவி வரைந்த கோடுகள், சன்னலோர மழை வெளிச்சத்தில் நெளிகின்றன. "அலுப்புன்னு சாக்கு சொல்றான்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிவந்த மேலாளர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "ஒம்பதாவது மணி நேரம், சாரே," என்று ஓட்டுநர்களின் களைப்பை அளக்க வந்த ஆய்வாளர் ஷெரின் ஓரிடத்தில் விரல் வைக்கிறாள். "கண்ணு முழிச்சிருக்கு. துடிப்பு மட்டும் தூங்கப்போறவனோடது. பின்னால அம்பத்திரண்டு பேரு." மேலாளரின் பேனா உத்தரவுத் தாளில் கீறுகிறது; இனி அந்தத் தடத்துக்கு இரண்டு ஓட்டுநர்கள். ஈரம் காயாத கையெழுத்தை, மேஜையருகே நிற்கும் சசீந்திரன் இமைக்காமல் பார்க்கிறான். "என்னாச்சு சேட்டா?" என்று வாசலில் கூடி நிற்கும் மற்ற ஓட்டுநர்கள் கேட்கிறார்கள். "ஜெயிச்சோம்டா!" என்கிறான். முற்றத்துப் பஸ்கள் ஒவ்வொன்றாக ஹாரன் அடிக்கத் தொடங்குகின்றன.