மேடு ஏறும் ஆயில்

அட்லஸ் மலையடிவாரக் கடையில், கடைக்காரர் இதிர் கார் ஆயில் டப்பாவை நீட்டினார்.

"இது வேணாம், மாமா. கார் ஆயிலைப் பைக்குல ஊத்தினா கிளட்ச் நழுவும், மேட்டுல பைக் ஏறாது," என்றாள், பைக்குக்கு ஆயில் கேட்டு வந்த, அவருக்கு முன்பின் தெரியாத ஓர் இளம்பெண்.

"ஆயில்னா எல்லாம் ஒண்ணுதான். இந்த மழையில மேட்டுல ஏறி ஆடு மேய்க்கப் போறியா?"

இதிரின் கைபேசி ஒலித்தது. மலைமேல் ஊரிலிருந்து அவர் மனைவி அழுதாள். "மகளுக்குப் பிரசவ வலி வந்துடுச்சுங்க! மருத்துவச்சி இத்தோவுக்குச் சொல்லிட்டோம்."

"பாதையில பாறை சரிஞ்சு கிடக்கே! கார் போகாதே, இத்தோ எப்படி வருவாங்க?"

"பைக் போகும், மாமா," என்று அந்தப் பெண் மழைச்சட்டையை விலக்கி, மருத்துவப் பையை இறுக்கிக் கட்டினாள். "நான்தான் இத்தோ."

இதிர் அவளையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். பைக் ஆயிலைத் தானே எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து அவள் பைக்கில் ஊற்றினார்.

"பார்த்து ஏறுங்க, தாயீ."