விக்கல்காரன் ஒட்டிய தகடு

பால் தொட்டிக்காக வெட்டிய எவர்சில்வர் தகடு ஒன்று பட்டறை மேசையில் பயந்து கிடந்தது. காலையில் அதன் அண்ணனைப் பெரிய வெல்டிங் மெஷின் ஒரே மூச்சில் சுட்டு, அப்பளம் போல நெளிய வைத்திருந்தது. அண்ணன் இப்போது கழிவுக் குவியலில் கிடந்தான்.

"அடுத்து நீதானே, வா தம்பி," என்றது பெரிய மெஷின். "தொட்ட வேலையை நடுவில் நிறுத்துவது என் பரம்பரையிலேயே கிடையாது!"

"எனக்கு அந்த ஓரத்துச் சின்ன மெஷினே போதும் அண்ணே," என்றது தகடு துணிந்து.

"அந்த விக்கல்காரனா? சுடுவான், தணிவான், சுடுவான். அவன் முடிப்பதற்குள் பால் தயிராகிவிடும்!"

சின்ன மெஷின் தகட்டிடம் மட்டும், "பளிச்சென்று ஒரு சூடு போடுவேன். உடனே தணிந்துவிடுவேன். அந்த நேரத்தில் நீ இறுகிக்கொள்ளணும், சரியா?" என்றது.

"சரிண்ணே."

ஒவ்வொரு சூட்டிலும் தகடு விளிம்பில் மட்டும் உருகியது. ஒவ்வொரு தணிவிலும் பக்கத்துத் தகட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்தபோது நெளிவும் இல்லை, கருகலும் இல்லை. தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

பெரிய மெஷினுக்குப் பொறுக்கவில்லை. "அப்படி என்னதான்டா பண்ணினான் அவன்?" என்று கேட்டது.

தகடு சொல்ல வாய் திறந்தது. அதற்குள் பெரிய மெஷின், "நான் மட்டும் செய்திருந்தால்..." என்று ஆரம்பித்துவிட்டது. பட்டறையைப் பூட்டும் வரை அது நிறுத்தவே இல்லை.