காதில் ஒரு வெட்டு

ஆட்டோ நிற்பதற்குள் குதித்துவிட்டான் பழனிக்குமார்.

உள்ளே மூன்று கிடாய்கள். கயிற்றைப் பிடித்து இழுத்தால் இறங்க மாட்டேன் என்று கால் ஊன்றி நின்றன. சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. என்ன சேதி என்று தெரியும். இவனுக்கு ஆடு கொண்டுவந்து தருகிற பிரபு காலையில் போலீசில் மாட்டிக்கொண்டான்.

பழனிக்குமார் யார் பட்டியிலும் கை வைத்தவனில்லை. அதில் அவனுக்கு ஒரு பெருமை உண்டு. மலிவாக வாங்குவான், கைமாற்றிவிடுவான், அவ்வளவுதான். ஆனால் ஒட்டன்சத்திரம் சந்தையில் ஒரு வக்கீல் குமாஸ்தா அவனைப் பயமுறுத்திவிட்டுப் போயிருந்தார். திருட்டு ஆடு என்று தெரிந்தே வாங்கி விற்றால், விற்றவனுக்கும் ஜெயில்தானாம்.

தெரியாது என்று சாதித்துவிட்டால்?

அதுதான் அவன் கையில் இருந்த கடைசித் துருப்பு. அதற்கு முன்னால் ஆடுகள் கண்ணில் படாமல் போக வேண்டும். வழக்கமான கடைகள் பிரபுவுக்குத் தெரியும். அதனால்தான் இதுவரை மிதிக்காத பேகம்பூருக்கு வந்து, சைனம்புவின் கறிக்கடை முன்னால் நின்றான்.

சைனம்பு கத்தியைத் தீட்டுவதை நிறுத்தவில்லை. ஆடுகளைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். உட்காரச் சொன்னாள்.

சந்தையில் விலை பேசுவது துண்டுக்கு அடியில். விரலைப் பிடித்தால் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. பொம்பளை கையைப் பிடிக்க முடியுமா? வாயைத் திறந்துதான் பேச வேண்டியிருந்தது. அவளோ எதிர் டீக்கடை பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

பல்லைப் பார்த்தாள். முதுகை அமுக்கினாள். வாலைத் தூக்கினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொன்னாள். ஒவ்வொரு குறைக்கும் இவன் ஒரு படி இறங்கினான். இறங்கிய விலையை அவள் டீக்கடைக்காரரிடம் சத்தமாகச் சொல்லி, இந்த விலைக்கு ஊரில் கோழி கிடைக்குமா என்று கேட்டாள். பெஞ்சு சிரித்தது.

அவசரத்திலும் பழனிக்குமாருக்கு வியப்பு தாளவில்லை. எத்தனை தரகர்களைப் பார்த்திருக்கிறான். இப்படி ஒரு யாவாரியைப் பார்த்ததில்லை.

நடுவில் அவளே யாருக்கோ போன் போட்டாள். மூணு உருப்படி நல்லபடியா வந்திருக்கு, ஆளோட வா என்றாள். பிரியாணிக் கடைக்காரர்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கைக்கு வருமுன்பே விற்கிறாளே!

டீ வந்தது. பிறகு வடை வந்தது. பிறகு இட்லியும் வந்தது. இவன் எழுந்தால், இன்னும் ஒரு ஆட்டைப் பார்க்கவில்லையே என்பாள்.

கடைசியில் ஒரு கிடாயின் வலது காதை மடக்கிப் பிடித்தாள். ஓரத்தில் சின்னதாய், பிறை மாதிரி ஒரு வெட்டு. மற்ற இரண்டிலும் அதேதான்.

"ஏலே அப்பு, இதென்ன காதுல? களவாண்ட ஆடு கிடு இல்லையே?"

பெஞ்சு முழுக்க இவனைத் திரும்பிப் பார்த்தது.

"ஏனுங்கக்கா, நானே குட்டியிலருந்து வளத்ததுங்க. அடையாளத்துக்கு என் கையாலதான் வெட்டுனேன்."

சைனம்பு தலையாட்டினாள். அதையும் டீக்கடைக்காரரிடம் ஒரு தடவை சொன்னாள். இவனுக்கு இன்னொரு டீ போடச் சொன்னாள்.

அப்போதுதான் ஜீப் வந்து நின்றது. முதலில் இறங்கியவள் சித்தையன்கோட்டை மாயம்மாள். பிரபு பட்டியைத் திறந்தது அவள் வீட்டில்தான். அவள் நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுத்தாள். மூன்று கிடாய்களும் கயிற்றை அறுக்காத குறையாக அவளிடம் பாய்ந்தன.

பின்னால் இறங்கிய ஏட்டைப் பார்த்ததும் பழனிக்குமார் துருப்பை எடுக்க வாயைத் திறந்தான். பிரபுவிடம் வாங்கியது, திருட்டு ஆடு என்று தெரியாது...

பெஞ்சைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். அத்தனை பேர் காதிலும் அவன் குரல் இருந்தது. அடிமாட்டு விலையும் இருந்தது.

கட்டின கயிற்றில் தானே போய்த் தலையைக் கொடுத்திருக்கிறோம் என்று புரிந்தபோதும், கோபத்தைவிட மரியாதைதான் வந்தது. ஒன்று மட்டும் விளங்கவில்லை. எவளோ ஒருத்தி ஆட்டுக்காக இந்தம்மா ஏன் இம்புட்டு மெனக்கெட வேண்டும்?

மாயம்மாள் நேராக சைனம்புவிடம் வந்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். நானே வித்துத் தின்னுட்டேன்னு நினைச்சுருவீங்களோன்னு பயந்தே போயிட்டேன்க்கா என்று அழுதாள்.

சைனம்பு அவள் கையை இறக்கிவிட்டாள். பிறகு இவன் பக்கம் திரும்பினாள்.

"வித்தா ஆளுக்குப் பாதின்னு வாரத்துக்கு வளக்குறது மாயம்மா. வாங்கிவிட்டது நான். அந்தக் காதை வெட்டுனதும் நான்தான் அப்பு. டீ ஆறுது, குடிச்சிட்டு ஏறு."