வானவில் மேடம்

ஜிப் எங்கும் மாட்டாமல் மேலே ஏறியது. நான்கு மாதத்துக்கு முன்பு இதே ஜிப் பாதி முதுகில் நின்றுகொண்டு, மேலே போக மாட்டேன் என்று அடம் பிடித்தது.

கண்ணாடியில் தெரிந்த மஞ்சள் கவுனை அவள் பார்த்தாள். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று ஒன்றும் தோன்றவில்லை. கவுன் பைக்குள் கை விட்டபோது சூயிங்கம் சுற்றிய காகிதம் ஒன்று தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். கசங்காமல், இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் 'வானவில் மேடம்'. ஐம்பதை நெருங்கும் மூத்த ஆய்வாளர், வெள்ளைக் கோட்டுக்கு அடியில் தினம் ஒரு நிறத்தில், சின்னப் பெண்கள் போடுகிற தினுசில் உடுத்தி வந்தால் ஆபீஸ் சும்மா இருக்குமா? அவள் மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் உடம்பு பாதியாகிவிட்டது, துணி இரண்டு மடங்காகிவிட்டது என்று ஆளாளுக்குக் கணக்குச் சொன்னார்கள்.

வீட்டு விஷயம் எதையும் அவள் இங்கே பேசுவதில்லை. கேட்டால் லேசாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பையும் ஸ்டைலில் சேர்த்துவிட்டார்கள்.

இன்றைக்குப் பெண் சாதனையாளர் பாராட்டு விழா. மேலாளர் மைக்கைப் பிடித்தார்.

"கிழக்குத் தொட்டித் தண்ணியில கிருமி இருக்குன்னு மேடம் கண்டுபிடிக்கலன்னா, பாதி ஊரு இன்னிக்கு ஆஸ்பத்திரியில கெடக்கும்!"

அதற்கு அரை நிமிடம். "இந்த வயசுலயும் உடம்ப எப்படி வச்சிருக்காங்க பாருங்க! தன்னம்பிக்கைன்னா இதுதான்!" என்று அடுத்து ஆரம்பித்தவர் பத்து நிமிடம் நிறுத்தவில்லை.

மைக் அவள் கைக்கு வந்தது. "கிழக்குத் தொட்டிய மாசம் ரெண்டு தடவ கழுவணும்," என்றாள். "அவ்வளவுதான்."

கைதட்டினார்கள். என்ன அடக்கம் என்று அதற்கும் ஒரு பாராட்டு விழுந்தது.

பரிசு, எடை பார்க்கும் மெஷின். யார் மூளையில் உதித்ததோ! அதைத் தூக்கிக்கொண்டு வந்தவள், தண்ணீர் பாட்டில்களுக்கு எண் போட்டுப் பதிவு செய்கிற பெண். அவளுக்கு ஆபீஸ் வைத்த பெயர் பூசணி. அப்படிக் கூப்பிட்டாலும் "என்ன சார்?" என்று சிரித்துக்கொண்டுதான் வருவாள். வேறு என்ன செய்வாள்?

குரூப் போட்டோவுக்கு அந்தப் பெண் பின்வரிசையில் போய் ஒதுங்கினாள். ஆபீஸ் டிரைவர் விடவில்லை.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சாலும் மறைக்கலாம், உன்ன எங்கம்மா மறைக்கிறது?"

கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். வானவில் மேடத்தின் காதில் அது விழுந்ததா என்றே தெரியவில்லை.

விழா முடிந்து மேடம் பாட்டில் அறைக்குள் போனபோது, அந்தப் பெண் அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மேடம். லேசா தல சுத்திச்சு."

"மத்தியானம் சாப்பிட்டியா?"

"இல்ல."

"காலையில?"

பெண் குனிந்துகொண்டாள்.

"எத்தன நாளா இப்படி?"

"நாளையோட ஒரு வாரம். தண்ணி மட்டும்தான் குடிக்கிறேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "உங்கள மாதிரி ஆகணும் மேடம். நீங்க இங்க வந்தப்போ என்னவிடக் கொஞ்சம்தான் கம்மியா இருந்தீங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். வாரா வாரம் இளைச்சீங்க, புதுசு புதுசா டிரஸ் போட்டீங்க. உங்க போட்டோவக்கூட எங்க வீட்டு பீரோவுல ஒட்டி வச்சிருக்கேன்."

மேடம் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி நூலிழைபோல் மெலிந்து ஓடியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு மேடத்துக்குப் பயம் என்று ஒன்று வந்தது.

போய்த் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து வந்து திறந்து வைத்தாள். தினமும் மூடி திறக்காமலே வீட்டுக்குத் திரும்புகிற டப்பா அது.

"சாப்பிடு."

"மாட்டேன். மொதல்ல நீங்க சொல்லுங்க. எப்படி இளைச்சீங்க? இந்த டிரஸ்ஸெல்லாம் எங்க எடுக்கிறீங்க? எனக்கு மட்டும் சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

மேடம் வாயைத் திறந்தால் நாளையிலிருந்து இந்த ஆபீஸும் பழைய ஆபீஸ் மாதிரி ஆகிவிடும். அவளைக் கண்டதும் எல்லாரும் குரலைத் தாழ்த்துவார்கள். அதிலிருந்து தப்பிக்கத்தான் மாற்றல் கேட்டு இங்கே வந்தாள். திறக்காவிட்டால் இந்தப் பெண் நாளைக்கும் பட்டினிதான்.

அவளும் தரையில் உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்து அந்தப் பெண்ணின் உதட்டருகே நீட்டினாள்.

"வாங்கிக்கோ. சொல்றேன்."

பெண் வாங்கிக்கொண்டாள்.

"இளைக்கணும்னு நான் எதுவும் பண்ணலம்மா," என்றாள் மேடம். அடுத்த வாயை எடுத்துக்கொண்டே, தொட்டியைக் கழுவச் சொன்ன அதே குரலில் சொன்னாள்:

"இதெல்லாம் செத்துப்போன என் பொண்ணோட துணி."