குழிக்கு ஒரு சாட்சி

“ஞானஸ்நானச் சீட்டு இல்லாம கல்லறையில எடம் குடுக்க முடியாதும்மா. எத்தனை தடவ கேட்டாலும் இதான் பதில்.”

உபதேசியார் பிலவேந்திரன் மேசை டிராயரைச் சாத்தினார். கல்லறைத் தோட்டத்துச் சாவி அதற்குள்தான் இருந்தது. பங்குச் சாமியார் வெளியூர் போயிருந்ததால், நல்லம்பள்ளிப் பக்கத்து அந்தச் சின்னக் கோயிலில் இன்றைக்கு அவர் வைத்ததுதான் சட்டம்.

எதிரே நின்றவளுக்குப் பதினெட்டு வயதிருக்கும். ஊரே ‘பர்மா ஆயா’ என்று கூப்பிட்ட சவேரியம்மாள் வளர்த்த பேத்தி. ஆயா விடியற்காலையில் போய்விட்டாள். பெண்ணின் முகம் அழுது வீங்கியிருந்தது. குரலில் மட்டும் அழுகை இல்லை.

“சீட்டு ரங்கூன்ல கெடக்குதுங்க. போயி எடுத்தாரட்டுமா? அறுபத்து நாலுல கப்பல் ஏறினப்ப காதுத் தோட்டக்கூட கழட்டிக்கிட்டுத்தான் வுட்டாங்க. மாதா சுரூபத்த மட்டும் மடியில சுத்தி மறைச்சுக் கொண்டாந்துச்சு எங்க ஆயா.”

“சுரூபம் யாரு வேணா வச்சிருக்கலாம்.”

“ஞாயித்துக்கெழமை தவறாம மொத வரிசையில முட்டி போட்டுச்சே, அது?”

“நான் இந்தப் பங்குக்கு வந்த மூணு மாசமா பாத்தேன். இல்லேன்னு சொல்லல. உன்னைத்தான் ஒரு நாளும் பாத்ததில்ல.”

“செத்தது நான் இல்லீங்க.”

உபதேசியாருக்குச் சுருக்கென்றது.

“வாயத் தொறக்க வேணாம்னு பாத்தேன். முன்னாடி நான் தருமபுரியில இருந்தேன். உங்க ஆயா வாரா வாரம் சாயபு தெருவுல ஒரு வூட்டு வாசல்ல உக்காந்திருக்கும். என் கண்ணால பாத்திருக்கேன். சிலுவை கும்பிடற வேதக்காரிக்கு அங்க என்னம்மா வேலை? தாயத்து மந்திரிக்கத்தானே?”

அவள் முகம் சிவந்தது. தோளுக்குச் சரிந்த முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“உக்காந்திருந்துச்சே, கையில என்ன இருந்துச்சு?”

“ஜெபமாலை,” என்றார் அவர், இழுத்தாற்போல.

“தாயத்துக் கட்ட வந்தவ சாயபு வூட்டு வாசல்ல உக்காந்து ஜெபமாலை உருட்டுவாளாங்க?”

அவர் சாத்திய டிராயரை இன்னொரு முறை அழுத்தி மூடினார்.

“புருசனையும் மவனையும் பர்மாவுலயே பொதைச்சுட்டு வந்துச்சுங்க. இங்க தானே மண்ணு மிதிச்சு, தானே சுவரு வச்சு, வூடு கட்டுச்சு. இட்லி சுட்டு என்னைப் படிக்க வச்சுது. நான் நோம்பு இருந்தா அதுவும் பச்சத் தண்ணி குடிக்காது. தனக்குன்னு கேட்டது ஒண்ணே ஒண்ணு. ‘தலமாட்டுல சிலுவை நட்டுப் பொதைம்மா’ன்னுச்சு. அதுக்கும் சீட்டா? நாளைக்கு நீங்க போனா ஆண்டவரு உங்ககிட்ட சீட்டா கேப்பாரு?”

பிலவேந்திரன் டிராயரைத் திறந்தார். பிறகு ரிஜிஸ்டரை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“சரிம்மா. சாமியாருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். கடைசிவரைக்கும் வேதத்துல நின்னவங்கன்னு குடும்பத்துல ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். நீயே போடு.”

அவள் தயங்காமல் போட்டாள். சாவியை எடுத்து நீட்டியபடியே அவர் பெயரைப் படித்தார். நீட்டிய கை அப்படியே நின்றது.

‘ஷகிலா பானு.’

“கப்பல்ல கூட வந்த எங்கம்மா சாகறப்ப ஆயாகிட்ட கேட்டுக்கிச்சாம்ங்க, எம் பொண்ண எங்க மார்க்கத்துலயே வளத்துங்கன்னு,” என்றபடி அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். “என்னை உள்ள குர்ஆன் ஓத அனுப்பிட்டுத்தான், எங்க ஆயா அந்த வாசல்ல உக்காந்து ஜெபமாலை சொல்லிக்கிட்டு இருந்துச்சு.”