மூன்றாம் அறையின் விரிப்பு

வியட்நாமின் ஹோய் ஆன் நகரத்து விடுதியில் காலை உணவுக்கு மூவர் இருந்தார்கள். சமையலறைக் கதவருகே உரிமையாளர் லியூ, எதிரே அவள் கொழுந்தன் கோய், ஆற்றைப் பார்த்த ஜன்னலோரம் ஹனோயிலிருந்து வந்து தங்கியிருந்த கிழவர்.

"சீசன்லகூட மூணாம் ரூமப் பூட்டியே வெச்சிருக்கீங்க அண்ணி. காசு குடுக்காத விருந்தாளி எங்கண்ணன்தான்," என்றான் கோய், நூடுல்ஸை உறிஞ்சியபடி. "அவன் போன படகு கடல்லேர்ந்து திரும்பாம ரெண்டு வருஷமாச்சு. அம்மா திவசத்துக்கு நாள் குறிச்சிட்டாங்க. நீங்க கைப்பட சரின்னு எழுதணுமாம்."

"உங்கண்ணன் செத்ததை நீ பாத்தியா? பேசாம சாப்பிடு."

மூன்றாம் அறையில் யாரும் தங்குவதில்லை. ஆனாலும் தினமும் காலையில் அதன் விரிப்பு, ஓர் ஆள் படுத்த அளவுக்குக் கடல்நீரில் நனைந்திருக்கும். தாம் என்ற சலவைக்காரி அதைத் துவைப்பாள், லியூ புதியதை விரிப்பாள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

தாம் மாடியிலிருந்து வெறுங்கையோடு இறங்கி வந்தாள். "அக்கா, இன்னிக்கு மூணாம் ரூம்ல துவைக்க ஒண்ணுமில்ல."

லியூ மேலே போய் விரிப்பைத் தடவிப் பார்த்தாள். மறுபடியும் தடவினாள். ஒரு சுருக்கம்கூட இல்லாமல் காய்ந்திருந்தது.

கீழே வந்து மாமியாருக்கு எழுதினாள்: 'அத்தை, குறித்த நாளிலேயே செய்துவிடுங்கள்.' உறையை ஒட்டிக் கோயிடம் நீட்டினாள்.

"நான் திருப்பிக் கேக்கறதுக்குள்ள தபால்ல போட்டுடு," என்றாள்.