பேச்சில் எட்டு

கண்டக்டர் அருள்ஜோதியைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது கிளாட்சன்.

"தஞ்சாவூர் ரெண்டு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே சம்பா நடவுக்குச் சேறடித்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணமாகிப் பதினான்கு வருடம். கடைக்காரர், டாக்டர், பேங்க் மேனேஜர் என்று யார் எதைக் கேட்டாலும் கணவன்தான் அவளுக்காகப் பதில் சொல்வான். சொந்தக்காரர்கள் அவளிடம் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

அவள் குடவாசலில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அவளிடம் ஒரு வருடம் இருந்த பிள்ளை குறைந்தது முப்பது ஆங்கிலப் பாட்டாவது பாடும். ஆனாலும் பெற்றோர் கூட்டம் என்றால் அவளுடைய நாற்காலியில் வேறு டீச்சரை உட்கார வைத்துவிடுவார்கள். அவள் பின்னால் நின்று மார்க் அட்டைகளை எடுத்துக் கொடுப்பாள்.

மெல்போர்னில் இருக்கும் நாத்தனார் லின்சிதான் வழி சொன்னாள். அங்கே டீச்சர்களுக்குத் தட்டுப்பாடு. பி.எட். இருக்கிறது, பதினோரு வருட அனுபவம் இருக்கிறது. ஆங்கிலத் தேர்வு மட்டும்தான் பாக்கி. வாசிப்பிலும் எழுத்திலும் ஒன்பதுக்கு ஏழு வாங்கினால் போதும். கேட்பதிலும் பேசுவதிலும் எட்டு வேண்டும்.

மூன்று முறை போனாள். மூன்று முறையும் மற்றதெல்லாம் தேறியது. பேச்சில் மட்டும் ஆறரை, ஆறரை, ஆறு.

கும்பகோணத்தில் பயிற்சி கொடுத்தவருக்குப் புரியவேயில்லை. எழுத்தில் அவ்வளவு நல்ல ஆங்கிலம் வைத்துக்கொண்டு, பேச உட்கார்ந்தால் மட்டும் ஏன் சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு இரண்டு வார்த்தையாகச் சொல்கிறாள் என்று கேட்டார். அவள் தலை குனிந்துகொண்டாள்.

போன மாதம் லின்சி வேறு யோசனை சொன்னாள். குழந்தைகள் காப்பகத்தில் வேலை. அதற்கு இவ்வளவு மார்க் கேட்க மாட்டார்கள்.

அருள்ஜோதி வீடியோ காலில் தலையாட்டி மறுத்தாள். அன்றைக்கே நாலாவது முறைக்குத் தேதி வாங்கினாள்.

தேர்வு தஞ்சாவூரில், ஒரு ஓட்டலின் இரண்டாம் மாடியில். படிக்கட்டிலேயே கிளாட்சனை நிறுத்திவிட்டார்கள். அவன் அவளிடம் கைப்பையைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினான்.

அறையில் ஒரு மேசை, ஒரு ரெக்கார்டர். எதிரே தலை நரைத்த ஓர் அம்மா. ரெக்கார்டரைத் தட்டிவிட்டு, உங்கள் முழுப் பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு மார்க் கிடையாது.

அருள்ஜோதி பதில் சொல்லவில்லை.

போன மூன்று முறையும் இந்த இடத்தில் அவள் இருமியிருக்கிறாள். சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டை நகர்த்தி வைத்திருக்கிறாள். பெயரை அவர்களே படித்துக்கொண்டார்கள்.

இன்று பாஸ்போர்ட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

ரெக்கார்டரில் விநாடிகள் ஓடின. நாலு. ஏழு. தாடை இறுகியது. இடது கண் தானாக மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. எதிரே இருந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

அருள்ஜோதிக்குத் திக்கும். ஏழு வயதிலிருந்தே திக்கும். பிள்ளைகளோடு பாடும்போது திக்காது. பெரியவர்கள் முன்னால் திக்கும். எல்லாவற்றையும்விட அதிகமாகத் திக்குவது சொந்தப் பெயர்.

வேறு யாராவதாக இருந்தால் இந்நேரம் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். இந்த அறையில் எடுத்துக் கொடுக்க ஆளில்லை.

"அ..." என்றாள். மறுபடியும், "அ... அ..."

பதினோராவது விநாடியில் முழுப் பெயரும் வந்தது. அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அருள்ஜோதி அதற்கும் திக்கினாள். அதற்கடுத்ததற்கும் திக்கினாள். எதையும் பாதியில் விடவில்லை. ஒரு குழந்தைக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது நேரம் முடிந்துவிட்டதாக அந்த அம்மா கையைத் தூக்கினார். இவளுக்கு இன்னும் ஒரு வாக்கியம் மீதி இருந்தது. அதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

கீழே கிளாட்சன் வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும், ஒவ்வொரு முறையும் கேட்பதையே கேட்டான்.

"திக்கலையே?"

போன மூன்று முறையும் அவள் இல்லை என்றுதான் தலையாட்டினாள். அது உண்மைதான். ஒருமுறைகூடத் திக்கவில்லை. எந்த வார்த்தை சிக்கப்போகிறது என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அதை விட்டுவிட்டு, சிக்காத சின்ன வார்த்தை எதையாவது சொல்லித் தப்பித்துவிடுவாள். சொல்ல நினைத்ததெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். ஆறரைதான் வரும். இது கிளாட்சனுக்குக்கூடத் தெரியாது.

"நல்லாத் திக்குச்சுங்க," என்றாள். "ஒரு வார்த்தையக்கூட மாத்தல."

அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.